கறுப்பு வெள்ளையில் கட்டடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் நாலைந்து பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு சென்னையில் ஏதாவது ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் போய் நிற்போம். சில சமயம் தஞ்சாவூர், காரைக்குடி என்று வெளியூரும் போவதுண்டு. புதிதாகச் சேருகிறவர்கள் டீக்கடையில் கேட்கும் சந்தேகங்கள் வருஷா வருஷம் ஏறக்குறைய அதேதான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

கலர்ல எடுத்துட்டு வீட்டுக்கு வந்து மாத்திக்கலாமா, இல்ல கேமராலயே பிளாக் அண்ட் ஒயிட் வச்சு எடுக்கணுமா சார்?

இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். கேமராவில் மோனோக்ரோம் வைத்துக்கொண்டு, படத்தை ரா கோப்பாக (கேமரா பார்த்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) பதியச் சொல்லுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், மெமரி கார்டில் எல்லா நிறமும் பத்திரமாக இருக்கும். எடுக்கும்போதே கறுப்பு வெள்ளையாகப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. நிறத்தில் அழகாகத் தெரிந்த சுவர் திரையில் செத்துக் கிடந்தால் அங்கேயே தெரிந்துவிடும், நாலடி தள்ளி நின்று பார்ப்பீர்கள்.

ஜேபெக் (கேமராவே முடித்துக் கொடுக்கும் சாதாரணப் படக் கோப்பு) மட்டும் வைத்தால் நிறம் திரும்பி வராது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் காலை முதல் சாயங்காலம் வரை எடுத்தேன். கிளம்பும்போது அந்த வீட்டு ஆச்சி திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, எங்க ஆத்தங்குடிக் கல்லு செவப்பா பச்சையான்னே தெரியலையே" என்றார். தரையில் பதித்த பூக்கல்லைத்தான் சொன்னார். கலரில் ஒன்று அனுப்புகிறேன் ஆச்சி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் வந்து திறந்தால் அத்தனையும் ஜேபெக். ஒன்றில்கூட நிறம் இல்லை. அந்த ஒரு படத்துக்காக மறுபடி பஸ் ஏறினேன்.

போன் போதுமா? பெரிய கேமரா இல்லாம வரலாமா?

தாராளமாக வாருங்கள். கட்டடம் ஓடிவிடாது. அசையாத பொருளை நல்ல வெயிலில் எடுக்கப் போன் போதும். போனில் மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்: திரையில் கட்டம் போட்ட கோடுகள் தெரியும்படி வையுங்கள், ரா எடுக்க வழி இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள், அகன்ற கோண லென்ஸை முடிந்தவரை தொடாதீர்கள். அந்த லென்ஸில் ஓரத்தில் இருக்கும் தூணெல்லாம் ரப்பர் மாதிரி இழுபடும்.

எந்த நேரத்துக்கு வந்தா நல்லா வரும்? காலையிலயா, சாயங்காலமா?

கட்டடம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கலர் படத்தில் வெயில் கொஞ்சம் சொதப்பினாலும் நிறம் காப்பாற்றிவிடும். இங்கே காப்பாற்ற நிழலை விட்டால் ஆள் இல்லை. சுவரை உரசிக்கொண்டு போகிற வெயிலில்தான் செதுக்கல், சுண்ணாம்புப் பூச்சு, செங்கல் இடுக்கு எல்லாம் எழுந்து நிற்கும். எதிரே இருந்து நேராக அடிக்கிற வெயிலில் அதே சுவர் சலவை வேட்டி மாதிரி ஆகிவிடும். எல்லோரும் சொல்லும் பொன்னிற வெயில் நேரத்தை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. பொன்னிறம் நம் படத்தில் தெரியப் போவதில்லையே.

மெரினா எதிரே இருக்கும் செனட் ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879-ல் முடிந்த கட்டடம், கிழக்கே கடலைப் பார்த்தது. சூரியன் கடலிலிருந்து எழுந்த உடனே போனால் முகப்பில் வெயில் மொத்தமாக அடிக்கும், படம் தட்டையாக வரும். ஒன்பதரை மணிக்கு மேல் சூரியன் ஏறினதும் வளைவுகளுக்கு அடியில் நிழல் இறங்க ஆரம்பிக்கும். அந்த ஒரு மணி நேரம் போதும். மத்தியானம் தாண்டிவிட்டால் முகப்பு முழுக்க நிழல்தான். ரிப்பன் மாளிகை தெற்கு பார்த்தது. அதற்கு மார்கழி, தை மாதங்கள் சரி. டிசம்பர் 21 வாக்கில் சென்னையில் உச்சிப் பொழுதிலேயே சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்தில் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். நாள் முழுக்கத் தெற்குச் சுவரில் வெயில் இருக்கும்.

வடக்குச் சுவர்தான் ஏமாற்றும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை அதில் நேரடி வெயிலே விழாது. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் சென்னையின் உச்சந்தலைக்கு மேல் வந்து வடக்கே தாண்டும், ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பும். இடைப்பட்ட காலத்தில் நடுப்பகலில்கூட வடக்குச் சுவருக்கு வெயில் உண்டு. அதுவும் மேலிருந்து சுவரை ஒட்டி வழிகிற வெயில். தஞ்சாவூர் இன்னும் தெற்கே இருப்பதால் அங்கே இந்தக் காலம் சில நாள் கூடுதல். ஜூன் மாத மத்தியான வெயிலில் யாரய்யா தஞ்சாவூர் போவது என்று கேட்பீர்கள். பெரிய கோயில் அடித்தளத்தில் சுற்றி ஓடும் கல்வெட்டின் வடக்குப் பக்கத்தை எடுக்க ஆசைப்படுகிறவர்கள் போவார்கள். "கல்லிலே வெட்டுக" என்று ராஜராஜன் சொல்லி வெட்டிய எழுத்து, ஆழம் கொஞ்சம்தான். டிசம்பரில் போனபோது வடக்குச் சுவரில் எழுத்தும் கல்லும் ஒரே சாம்பல். ஜூனில் ஒவ்வொரு எழுத்தின் மேல் விளிம்பும் தன் பள்ளத்துக்குள் ஒரு நூல் கனத்துக்கு நிழல் போட்டிருந்தது. பத்தடி தள்ளி நின்றே எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. செருப்பில்லாமல் நின்ற கால் மட்டும் கொப்புளித்துவிட்டது. சாக்ஸ் எடுத்துப் போங்கள்.

மேகமூட்டமா இருந்தா அன்னிக்கு வேஸ்ட்டா?

செதுக்கல் வேலை உள்ள சுவருக்கு வேஸ்ட்தான், மேலே சொன்ன காரணம். ஆனால் கட்டடத்தின் மொத்த உருவம்தான் படம் என்றால் மேகமூட்டம் வரம். ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். 1959-லிருந்து பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டி, சுரங்கக் கோபுரம், இரும்பு உலை என்று கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தள்ளினார்கள். வெயில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போவார்கள். நிழல் விழுந்தால் உருவம் குழம்பும் என்பது அவர்கள் கணக்கு. நம்மூரில் ஊருக்கு ஊர் நிற்கும் மேல்நிலைத் தொட்டிகளை அப்படி எடுத்துப் பாருங்களேன். நான் எட்டு எடுத்திருக்கிறேன், ஒன்று மாதிரி ஒன்று இல்லை.

வெறும் வெள்ளை வானம் படத்தில் பெரிய ஓட்டை மாதிரி தெரியும். அந்த மாதிரி நாளில் வானத்தைக் குறைத்துச் சட்டகம் போடுங்கள்.

நான் எடுத்தா கட்டடம் பின்னாடி சாஞ்சு விழற மாதிரி இருக்கு. ஏன்?

கேமராவை அண்ணாந்து பிடித்ததால். கேமராவின் முதுகு சுவருக்கு இணையாக இருக்கும் வரை செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே இருக்கும். மேல் மாடி தெரியவில்லையே என்று லேசாகத் தூக்கினீர்களோ, கோடுகள் மேலே போய்ச் சேர ஆரம்பித்துவிடும். கலரில் இது அவ்வளவாக உறுத்தாது. கறுப்பு வெள்ளையில் கோடுதான் படமே, அதனால் முதலில் கண்ணில் படும்.

எளிய வழி, தள்ளிப் போவது. தூரத்திலிருந்து கேமராவை மட்டமாகப் பிடித்து எடுத்துவிட்டு, கீழே வரும் தார் ரோட்டை வெட்டிவிடுங்கள். அடுத்த வழி, உயரம். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. எதிர் நடைபாதையில் நின்று அதை நேராக எடுக்க எவராலும் முடியாது. அக்கம்பக்கத்தில் ஏதாவது ஒரு மூன்றாம் மாடி ஜன்னல் கிடைத்தால் பாதிச் சிக்கல் தீரும். அதற்காக நான் வேலையே இல்லாத ஒரு அலுவலகத்துக்குள் விசாரிக்கப் போகிற மாதிரி போயிருக்கிறேன். டில்ட் ஷிஃப்ட் லென்ஸ் என்று இதற்கென்றே ஒரு ஜாதி உண்டு. கேமரா மட்டமாக இருக்க லென்ஸ் மட்டும் மேலே நகரும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். வாடகைக்குக் கிடைத்தால் ஒரு நாள் எடுத்துப் பாருங்கள்.

மென்பொருளிலும் நிமிர்த்தலாம். லைட்ரூம், ஸ்னாப்சீட் இரண்டிலும் வசதி இருக்கிறது. நிமிர்த்தும்போது பக்கவாட்டில் படம் வெட்டுப்படும், ஆகையால் எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். முழுக்க நிமிர்த்தாதீர்கள். உயரமான கட்டடத்தை நூறு சதவீதம் நிமிர்த்தினால் தலை பெருத்த குழந்தை மாதிரி தெரியும். கொஞ்சம் சாய்வு மீதி இருக்கட்டும். கோயில் விமானத்துக்கு ஆட்டோ பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள். விமானம் இயல்பாகவே மேலே போகப் போகக் குறுகுவது. மென்பொருளுக்கு அது தெரியாது. அடியில் இருக்கும் நேர்ச்சுவரின் கோட்டைப் பிடித்துக் கையால் நிமிர்த்துங்கள்.

ஹைகோர்ட்டை நேர்ல பார்த்தா செக்கச்செவேல்னு அவ்ளோ கம்பீரமா இருக்கு. படத்துல சப்புனு ஆயிடுச்சே?

எங்களுக்குள் அதிகம் பேசப்பட்ட கேள்வி இதுதான். சிவப்புச் செங்கலும் அதன் முன்னால் நிற்கும் பச்சை மரமும் நம் கண்ணுக்கு எதிரெதிர். வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. நிறத்தை எடுத்தவுடன் மரமும் சுவரும் ஒரே சாம்பலில் கரைந்துவிடும். பொதுவாக மென்பொருள் நிறத்தை மாற்றும்போது பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 சதவீதம் என்று ஒரு கணக்குப் போடும். அந்தக் கணக்கு சென்னை உயர் நீதிமன்றத்தை நினைத்துப் போட்டதல்ல. நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

ரா கோப்பைத் திறந்து, கறுப்பு வெள்ளை ஆக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் இருக்கும் ஸ்லைடரைத் தேடுங்கள். சிவப்பையும் ஆரஞ்சையும் மேலே தள்ளினால் செங்கல் வெளுக்கும். பச்சை, மஞ்சளைக் கீழே இறக்கினால் மரம் கறுக்கும். நீலத்தை இறக்கினால் வானம் கறுக்கும். மூன்றும் சேர்ந்தால் 1892-ல் திறந்த அந்தக் கட்டடம் இருண்ட வானத்துக்கு முன்னால் வெளிர்ந்து எழுந்து நிற்கும். நேர்மாறாகவும் செய்யலாம்: செங்கல் கறுப்பு, வானம் வெள்ளை. எழும்பூர் ரயில் நிலையத்தில் சிவப்புச் சுவரில் வெள்ளைப் பட்டைகள் ஓடுகின்றன. அங்கே சிவப்பை மேலே தள்ளினால் பட்டையும் சுவரும் கலந்து போய்க் கட்டடத்தின் எலும்பே காணாமல் போகும். அங்கே சிவப்பை இறக்கத்தான் வேண்டும். ஆகவே எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே ப்ரீசெட் (சேமித்து வைத்த ஸ்லைடர் கணக்கு) போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஒரு எச்சரிக்கை. நீலத்தை அடிமட்டம் வரை இறக்கினால் வானத்தில் புள்ளி புள்ளியாக அழுக்கு தெரியும், கட்டட விளிம்பில் வெள்ளைக் கோடு வரும். வரத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படின்னா சிவப்பு ஃபில்டர் வாங்கி லென்ஸ்ல போட்டா வேலை சுலபமாச்சே?

ஃபிலிமுக்குச் சரி. டிஜிட்டலுக்கு வேண்டாம். சாதாரணக் கேமராவின் சென்சாரில் நாலு புள்ளிக்கு ஒன்றுதான் சிவப்பைப் பார்க்கும், இரண்டு பச்சை, ஒன்று நீலம். சிவப்புக் கண்ணாடியைப் போட்டால் முக்கால்வாசிப் புள்ளிகள் சும்மா உட்கார்ந்திருக்கும், படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து போகும். மேலே சொன்ன ஸ்லைடரில் அதே வேலை சேதாரமில்லாமல் முடியும்.

போலரைசர் என்ற ஃபில்டர் மட்டும் வாங்கலாம். கண்ணாடி ஜன்னலின் பளபளப்பையும், சூரியனுக்குப் பக்கவாட்டில் இருக்கும் வானத்தின் வெளிச்சத்தையும் அது குறைக்கும். அகன்ற லென்ஸில் போட்டால் வானம் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுத்து நிற்கும், கவனம்.

வெள்ளைக் கட்டடம் எடுத்தா ஒண்ணு எரிஞ்சு போகுது, இல்ல அழுக்கா வருது...

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். ரிப்பன் மாளிகையைச் சட்டகம் நிறைய வைத்தால் வெள்ளை மாளிகை அழுக்கு மாளிகை ஆகிவிடும். சட்டகத்தில் மரம், ரோடு, பஸ் எல்லாம் வந்தால் நேர்மாறாக, கட்டடம் எரிந்து போகும். ஹிஸ்டோகிராமைத் (படத்தில் கறுப்பு முதல் வெள்ளை வரை எது எவ்வளவு என்று காட்டும் வரைபடம், வலது ஓரம் வெள்ளை) திறந்து, வலது ஓரத்தைத் தொடாமல் ஓரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்படி வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். எரிந்துபோன வெள்ளையில் எதையும் மீட்க முடியாது. கறுத்த நிழலில் பாதியாவது மீளும்.

வெள்ளை வெள்ளையாகத் தெரிய அதன் பக்கத்தில் கறுப்பு வேண்டும். வானத்தை இறக்குவது ஒரு வழி. எனக்குப் பிடித்தது, மழை விட்டுக் கார்மேகம் இன்னும் கலையாமல் வெயில் மட்டும் எட்டிப் பார்க்கிற பத்து நிமிஷம். ஐப்பசி, கார்த்திகையில் கிடைக்கும். கிடைக்காமலும் போகும்.

வயர், கேபிள், பேனர், பைக்... இதையெல்லாம் என்ன பண்றது?

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்தால் பைக் இருக்காது. பேனருக்கு நாள் பார்க்க வேண்டும். வயர் இருக்கத்தான் செய்யும். வெளிர் வானத்தின் மேல் கறுப்பு வயர் கத்தி கீறின மாதிரி தெரியும். இரண்டடி இடம் மாறினால் பல சமயம் அது கட்டடத்தின் இருண்ட பகுதிக்கு முன்னால் போய் ஒளிந்துகொள்ளும். அப்புறமும் மீறினது மென்பொருளில் போகும்.

ஜார்ஜ் டவுன் சந்துகளில் நான் வயரை அழிப்பதே இல்லை. அங்கே வயர்ப் பந்தல்தான் கூரை.

ஆள் இல்லாம எடுக்கணுமா?

ஒரு ஆள் இருந்தால் நல்லது. தஞ்சை விமானம் 216 அடி என்று எழுதிக் காட்டுவதை விட அடியில் ஒரு பாட்டி நடந்து போனால் உயரம் புரியும். கூட்டம் வேண்டாம்.

செட்டிநாட்டு வீட்டுக்குள்ள ஒரே இருட்டு, முற்றத்துல மட்டும் வெயில் கொளுத்துது. ரெண்டும் எப்படி ஒரே படத்துல?

ட்ரைபாடில் வைத்து, ஒரே சட்டகத்தை மூன்று அளவில் எடுங்கள்: சரியான அளவு, இரண்டு ஸ்டாப் குறைவு, இரண்டு ஸ்டாப் கூடுதல். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு, குறைந்தால் பாதி. வீட்டில் மூன்றையும் சேர்க்கலாம். ட்ரைபாட் இல்லையென்றால் முற்றத்துத் தரை எரியாதபடி ஒரே படம் எடுத்து, நிழலை அப்புறம் தூக்குங்கள்.

எவ்வளவு தூக்குவது என்பதில்தான் ரசனை. இப்படிப் பல அளவுகளைச் சேர்ப்பதுதான் ஹெச்டிஆர் என்று எல்லா மூலையையும் வெளிச்சமாக்கினால் வீடு சிமெண்ட் குடோன் மாதிரி வரும். வெயிலை வெளியே நிறுத்தத்தான் அந்த வீட்டை அப்படிக் கட்டினார்கள். முகப்பைத் தாண்டி வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்பகுதிக்குள், கால் வைத்தவுடன் கண் இருட்டி, அப்புறம் மெதுவாகத் தெளியும். அந்த இருட்டில் கொஞ்சம் படத்திலும் இருக்கட்டும். முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று, பர்மாத் தேக்குத் தூண்கள் வெயிலுக்கு முன்னால் கறுப்பாக நிற்க எடுத்துப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் அங்கே கண்ணாடி மாதிரி. தூணின் நிழலுருவம் சுவரிலும் மங்கலாகத் தெரியும். கலரில் அந்தப் பிரதிபலிப்பைக் கவனிக்கவே மாட்டீர்கள், தரையில் கிடக்கும் ஆத்தங்குடிக் கல் கண்ணை இழுத்துவிடும்.

மேகம் கோடு கோடா இழுத்த மாதிரி சில படம் வருதே, அது எப்படிண்ணா?

லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடி, அதாவது என்.டி. ஃபில்டர். 10 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். நொடியில் 60-ல் ஒரு பங்கு திறந்திருந்த ஷட்டர் சுமார் 17 நொடி திறந்திருக்கும். அதற்குள் மேகம் நகர்ந்துவிடும், நடப்பவர்கள் மறைந்துவிடுவார்கள். நின்றபடி போன் பேசும் செக்யூரிட்டி மட்டும் ஆவி மாதிரி மிச்சம் இருப்பார். ஃபில்டர் போடும் முன் ஃபோகஸ் செய்து பூட்டிவிடுங்கள். மேம்பாலத்தில் ட்ரைபாட் வைக்காதீர்கள், பஸ் போகும்போதெல்லாம் பாலம் அதிரும்.

ஆரம்பத்தில் நானும் எல்லாக் கட்டடத்துக்கும் இதைச் செய்தேன். இப்போது திருப்பிப் பார்த்தால் எல்லாம் ஒரே படம் மாதிரி இருக்கிறது.

கோபுரம் மட்டும் எப்ப எடுத்தாலும் கசகசன்னு வருது. என் தப்பா?

வர்ணம் பூசிய கோபுரமா? அப்படியென்றால் உங்கள் தப்பில்லை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் கோபுரத்திலும் மதுரைக் கோபுரங்களிலும் சுதைச் சிற்பங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதே நிறம்தான். நிறத்தை எடுத்தால் நூற்றுக்கணக்கான சாம்பல் துண்டுகள் மிஞ்சும். செங்கல்லுக்குச் சொன்ன ஸ்லைடர் வித்தை இங்கே பலிக்காது, ஏனென்றால் எல்லா நிறமும் எல்லா இடத்திலும் இருக்கிறது.

வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்று வெறும் கறுப்பு உருவமாக எடுக்கலாம். இல்லையென்றால் கலரில் எடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கருங்கல்லுக்கு, அதாவது தஞ்சை, மாமல்லபுரம், கங்கைகொண்ட சோழபுரம் மாதிரி இடங்களுக்கு, கறுப்பு வெள்ளை தானாகப் பொருந்தும்.

ஃபிலிம்ல எடுக்க ஆசை. வீட்லயே கழுவலாமா?

கழுவலாம். டெவலப்பர் டப்பாவில் போட்டிருக்கும் நிமிஷக் கணக்கு பெரும்பாலும் 20 டிகிரி தண்ணீருக்கு. மே மாதம் சென்னை மாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும். அதில் அதே நிமிஷம் வைத்தால் நெகட்டிவ் கன்னங்கரேல் என்று வரும். ஒரு டப்பில் ஐஸ் போட்டு அதற்குள் மருந்துப் பாட்டில்களை நிறுத்திக் குளிர்வியுங்கள். ஐஸை மருந்துக்குள் போடக் கூடாது, இதையும் ஒருவர் செய்தார். கடைசியாக அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். திடீரென்று வெந்நீர் பட்டால் ஃபிலிமின் மேல்பூச்சு சுருங்கி வெடிக்கும்.

ஃபிலிமில் ஸ்லைடர் கிடையாது. சுவரா மரமா என்று அங்கேயே முடிவு செய்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கண்ணாடியில் ஒன்றை மாட்ட வேண்டும். அடர் சிவப்புக்கு மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு வெளிச்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் ஆரஞ்சு.

செக்யூரிட்டி விரட்டுறாரு. படம் எடுக்க நமக்கு உரிமை இருக்கா இல்லியா?

பதிப்புரிமைச் சட்டத்தில் தடை இல்லை. 1957-ம் ஆண்டுச் சட்டத்தின் 52(1)(எஸ்) பிரிவு, கட்டடக் கலைப் படைப்பைப் புகைப்படம் எடுப்பதும் வெளியிடுவதும் மீறல் ஆகாது என்கிறது. ஆனால் உள்ளே நுழைந்து எடுப்பது வேறு விஷயம், அது இடத்துக்காரரின் விருப்பம். நீதிமன்ற வளாகம், ரயில் நிலையம், கோட்டைக்குள் ராணுவம் இருக்கும் பகுதி இங்கெல்லாம் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை பராமரிக்கும் இடங்களில் கையில் பிடித்து எடுக்கப் பொதுவாக விடுவார்கள், ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும். கருவறைப் பக்கம் எங்கேயும் கூடாது. தமிழகக் கோயில்களில் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, ஆகையால் போன்காரர்கள் வாசலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

செக்யூரிட்டியிடம் சட்டப் பிரிவு பேசி ஜெயித்தவர் யாரும் எங்கள் கூட்டத்தில் இல்லை. "ரெண்டே ரெண்டு படம்ணே, ரோட்டுலேர்ந்துதான்" என்று கேட்டு எடுத்தவர்கள் நிறைய.

தஞ்சாவூர் பெரிய கோயில் நிழல் தரையில விழாதாமே? அப்ப நிழலை வச்சு எப்படி எடுக்கறது?

விழும். நன்றாகவே விழும். காலை எட்டு மணிக்கு விமானத்துக்கு மேற்கே போய் நில்லுங்கள். நிழல் தரையைக் கடந்து, மதிலை ஒட்டி ஓடும் திருச்சுற்று மாளிகை மேலேயும் ஏறியிருக்கும். அகல லென்ஸில் மதில் ஓரத்திலிருந்து எடுத்தால் விமானமும் அதன் நிழலும் ஒரே படத்தில் வரும். நான் அப்படி எடுத்த படத்தைக் காட்டியும் ஒரு மாமா நம்பவில்லை. கம்ப்யூட்டரில் சேர்த்தது என்றுவிட்டார்.

உச்சி வெயிலில் சூரியன் நேர் மேலே வரும் நாட்களில் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். அது ஏப்ரலில் சில நாள், ஆகஸ்டில் சில நாள், எல்லாக் கட்டடத்துக்கும் பொது. ஏன் என்பது மேலே திசை பற்றிய பதிலில் இருக்கிறது.

வானம் வெறிச்சுனு இருந்தா வேற படத்துலேர்ந்து மேகம் எடுத்து ஒட்டலாமா? ஏமாத்து வேலை இல்லையா?

இது நேற்று வந்த வழக்கம் இல்லை. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசுக்காக 1858-ல் மதுரை, தஞ்சை, திருச்சிப் பக்கம் பெரிய பெட்டிக் கேமராவோடு சுற்றினார். அவர் நெகட்டிவ் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, மெழுகு ஏற்றிய காகிதம். அந்தக் கால மருந்து நீல வெளிச்சத்தை மட்டும் அதிகமாகப் பதியும் ஜாதி. கல் பதிவாவதற்குள் வானம் எரிந்து வெறும் வெள்ளையாகிவிடும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவில் தூரிகையால் மேகத்தை வரைந்துவிட்டார். அதே ஆள்தான் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை அங்குலம் அங்குலமாக நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக்கினார்.  கல்வெட்டில் கை வைத்தால் அது கெட்டுப்போகும், மேகத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

நான் வயரை அழிப்பேன், மேகம் ஒட்ட மாட்டேன். எங்கள் கூட்டத்தில் ஒருவர் மேகம் ஒட்டுவார், வயரைத் தொட மாட்டார். போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் விதிமுறையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், பல போட்டிகளில் ரா கோப்பைக் கேட்பார்கள். ஒட்டுவதென்று இறங்கிவிட்டால் ஒன்று: மேகத்தில் வெயில் இடது பக்கத்திலிருந்தும் கட்டடத்தில் வலது பக்கத்திலிருந்தும் விழுந்தால் பத்து வயசுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.